கண்மாயில் கப்பல் மோட்டார்

அந்த வருசம் மழை நல்லாத்தான் ஆரம்பித்தது. ஐப்பசியில் கொட்டு கொட்டென்று கொட்டி, கண்மாயை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, கார்த்திகை பிறந்ததும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. அதை நம்பி நெல்லைப் போட்டவர்கள் வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கையாவும் அவன் பெண்டாட்டி முத்துத்தாயும் ஒரு ஏக்கர் போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் பருத்தியும் கம்பும் விளைகிற மானாவாரிக் காடு. கண்மாய்க்குக் கீழே அவர்களுக்கென்று இருந்த நஞ்சை அந்த ஒரு ஏக்கர்தான்.

தை மாசம் பாதியில் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணி வேண்டும். பாய்ந்துவிட்டால் நெல்லு. பாயாவிட்டால் பதர், அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். முத்துத்தாய் தினமும் விடிந்ததும் போய் ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பாள். விரலில் பால் ஒட்டும். மறுநாள் கொஞ்சம் குறைவாக ஒட்டும். வீட்டுக்கு வந்து யாரையாவது நாலு வார்த்தை வைதால்தான் அவளுக்கு மனசு ஆறும். அநேகமாக அது சங்கையாவாக இருக்கும்.

கண்மாயில் தண்ணி இல்லாமல் இல்லை. அதுதானே கொடுமை! மடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இடுப்பளவு தண்ணி கலங்கலாகக் கிடந்தது. ஆனால் மடை வாய்க்கு ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. அந்த ஒரு முழம் ஏறி வாய்க்காலில் விழுந்தால் போதும், வயலுக்குத் தானாக ஓடிவிடும். ஏற்றுவது யார்? ஊரில் இருந்த மூன்று ஆயில் இஞ்சினும் கிணறுகளில் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டால் நாலு நாள் கழித்து வா என்றார்கள். கூடை போட்டு இறைப்பதென்றால் ஒரு ஏக்கருக்கு எத்தனை ஆள், எத்தனை நாள்!

நாளோ ஒன்றுதான் இருந்தது. கண்மாய்க் காரியம் பார்க்கிற சௌந்தரபாண்டியன் ஊர்க்கூட்டத்தில் பட்டென்று சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில இருந்து பொழுது அடையுற வரைக்கும் முடிஞ்சவுக எறைச்சுக்கோங்க. மிச்சத் தண்ணி ஆடு மாட்டுக்கு. சூரியன் எறங்கினதும் மடையை அடைச்சுருவேன். அதுக்கப்புறம் எங்கிட்ட வந்து யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை சொந்தத் தம்பி வயலுக்கு இன்னும் பத்து நிமிசம் வேண்டுமென்று கேட்டபோது, தம்பி கையில் இருந்த மண்வெட்டியைப் பிடுங்கி அதாலேயே மடையை அடைத்தவர்.

அப்போதுதான் சங்கையாவுக்கு இன்பராஜ் ஞாபகம் வந்தது. பாளையம்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார் இன்பராஜ். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சங்கையாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். நல்ல மனுசன். ஆனால் ஏலம் என்று காதில் விழுந்தால் கை தானாக மேலே போய்விடும். போன வருசம் கடற்கரைப் பக்கம் கஸ்டம்ஸ் ஏலத்துக்குப் போனார். லிஸ்டில் 'மோட்டார் ஒன்று' என்று போட்டிருந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு மோட்டார் என்றால் என்ன? கிணற்றில் தண்ணி இறைக்கிற பம்புசெட்டு. சாமானைப் பார்க்காமலே கையைத் தூக்கிவிட்டார். எடுக்கப் போனால், கடத்தல்காரர்கள் விட்டுவிட்டு ஓடின படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார். மேலே தலை, கீழே நீளமாக ஒரு கால், காலின் அடியில் மூன்று இதழ் விசிறி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரெண்டு பஸ்ஸு மாறிப் போக வேண்டிய ஊரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையின் மூலையில் நிறுத்தி வைத்தார். கடைக்குக் 'கப்பல் கடை' என்று பேர் வந்துவிட்டது. ஆணி வாங்க வருகிறவன்கூட "அண்ணாச்சி, கொழும்புக்கு எப்ப கெளம்புறீக?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

சங்கையா போய் விசயத்தைச் சொன்னதும் இன்பராஜ் துள்ளிக் குதித்தார்.

"ஏலே, எடுக்கப் போனப்ப கடக்கரையில இதை ஒரு சிமெண்டுத் தொட்டியில வச்சு ஓட்டிக் காமிச்சாங்கடா. அந்த விசிறி தள்ளின தள்ளுல தொட்டித் தண்ணி எந்திரிச்சு வெளிய வந்து என் வேட்டி பூரா நனைஞ்சு போச்சு. அதை ஒரு குழாய்க்குள்ள தள்ள விட்டா, ஒரு முழம் என்ன, ரெண்டு முழமே ஏத்தும்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில், மேலே சாக்கில் சுற்றின மோட்டாரும், உள்ளே இன்பராஜும், அவர் மடியில் பெட்ரோல் கேனுமாக வந்து இறங்கினார்கள்.

மடை வாயில் குறுக்காக ஒரு பனந்தடியைப் போட்டு, மோட்டாரை அதில் திருகிக் கட்டினார்கள். ரோட்டு வேலையில் மிஞ்சிக் கிடந்த சிமெண்டுக் குழாயை மடை வாய்க்கு ஏற்றமாகச் சாய்த்து வைத்து, விசிறி அதன் வாய்க்கு நேராக இருக்கும்படி செய்தார்கள். ஊரில் பாதிப் பேர் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒச்சம்மாள். முத்துத்தாயின் அடுத்த வயல்காரி. வரப்புச் சண்டையில் முத்துத்தாய்க்குச் சரிக்குச் சரி நிற்கிற ஒரே ஆள்.

"ஏ முத்துத்தாயி, கப்பல் எத்தனை மணிக்குக் கெளம்புது? எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு."

"ஒன்னை ஏத்துனா கப்பல் முங்கிரும், பேசாம இரு."

முத்துத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கி நின்றாள். மோட்டாரின் காலை உள்ளே இறக்குகிற நேரம், காலின் ரெண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னக் கீறல் இருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணே, இது என்னத்துக்கு?"

"அது வழியாத்தான் தங்கச்சி தண்ணியைக் குடிக்கும். இஞ்சின் தலையைச் சுத்தி வந்து சூட்டை ஆத்திட்டு வெளிய போயிரும்."

"இந்தச் சேத்துத் தண்ணியையா குடிக்கும்? என்ன ஆளுக நீங்க! சட்டை போடாமலா எறக்குறது?"

அந்தப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணி எப்போதும் கலங்கல். குழாயின் அடியில் மாட்டுகிற புட்வால்வை யாரும் வெறுமனே இறக்க மாட்டார்கள். சாக்கோ, கொசுவலையோ, பழைய சேலையோ சுற்றிக் கட்டித்தான் இறக்குவார்கள். அதற்குப் பேர் சட்டை போடுவது. சட்டை இல்லாமல் இறக்கினவனை விவசாயி என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முத்துத்தாய் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பழைய நூல் சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து, அந்தக் கீறல்களை மூடி ரெண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் திருப்தி. சௌந்தரபாண்டியனே தலையை ஆட்டினார்.

"கட்டுன்னா இதான் கட்டு. எனக்கு இது தோணலை பாருங்க" என்றார் இன்பராஜ்.

கயிற்றைச் சுண்டி இழுத்த மூன்றாவது இழுப்பில் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அடேயப்பா! பள்ளத்துத் தண்ணி குழாய்க்குள் பாய்ந்து, ஏறி, மடை வழியாக வாய்க்காலில் தொபதொபவென்று விழுந்தது. கரையில் விசில் பறந்தது. மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையில் இருந்து தண்ணி நூலாகப் பீய்ச்சி அடித்தது.

"அய்யய்யே, இதென்ன கருமம், நின்னுக்கிட்டே போகுது!" என்று ஒச்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது அப்படித்தான் போகணும். படகுக்காரவுக அதைப் பாத்துட்டுத்தான் கெளம்புவாங்க" என்றார் இன்பராஜ். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வருசமாக வாங்கின கிண்டல் எல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் வட்டியோடு தீர்ந்துபோன மாதிரி பளபளவென்று இருந்தது.

பத்து நிமிசம்தான். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முனகலாகியது. விசிறி சுற்றுகிறது, ஆனால் தள்ளக் காணோம். குழாய்க்குள் பாதி ஏறின தண்ணி திரும்பி இறங்கியது. இன்பராஜ் மூடியில் கையை வைத்தார், "ஸ்ஸா" என்று எடுத்துக்கொண்டார். உடனே நிறுத்திவிட்டார். சங்கையா ஒரு குடம் தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏலே ஊத்தாத! கொதிக்கிற இரும்புல பச்சைத் தண்ணியை ஊத்துனா வெடிச்சுப் போகும்டா!"

அரை மணி நேரம் ஆறப் போட்டார்கள். மறுபடி இழுத்தால் ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது. பத்து நிமிசம் கழித்து அதே கதை.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது? இன்பராஜ் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். பத்து நிமிசம். பெட்ரோலில் ஆயில் காணாது என்று கூடக் கொஞ்சம் ஊற்றினார். ஊரே இருமுகிற அளவுக்குப் புகை வந்தது, ஆனால் பத்து நிமிசம். டாங்கி மூடியில் காற்று போகிற துவாரம் அடைத்திருக்கும் என்று ஊதிப் பார்த்தார். கார்புரேட்டர் திருகாணியை வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று என்று திருகினார். பத்து நிமிசம், பத்து நிமிசம், பத்து நிமிசம்! விசிறியில் பாசி சுற்றியிருக்கும் என்று மோட்டாரையே வெளியே தூக்கினார்கள். பாசி இருந்தது, எடுத்தார்கள். முத்துத்தாய் கட்டின சட்டையைக் கூடி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. போதாக்குறைக்குச் சங்கையா, "உள்ள சேறு போயிருக்கும், இன்னொரு சுத்து சேத்துக் கட்டு புள்ள" என்றான். அவளும் கட்டினாள், நல்லா இறுக்கி.

மணி ரெண்டரை ஆகிவிட்டது. விட்டு விட்டு வந்த தண்ணியைக் காய்ந்து கிடந்த வாய்க்காலே குடித்து முடித்தது. வயலுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. முத்துத்தாய் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெயிலில் தோகை எல்லாம் சுருண்டு கிடந்தது. மூன்று மாசம் அவள் முதுகு ஒடிய நின்ற வயல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முத்துத்தாய்க்கு அழுகை வந்தால் அது கண் வழியாக வராது, வாய் வழியாகத்தான் வரும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். கடத்தல்காரன் போலீசுக்குப் பயந்து இதை விட்டுட்டு ஓடுனானா, இல்லை இதுட்ட இருந்து தப்பிச்சாப் போதும்னு ஓடுனானா?"

கரையில் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் முத்துத்தாயா?

"பாளையம்பட்டியில சிரிக்கிறது பத்தாதுன்னு இங்க வந்து சிரிப்புக் காட்டுறீகளா? ஒங்க கடையில கெடக்கிற ஓட்டை ஒடைசலைச் சோதிச்சுப் பாக்க எங்க நெல்லுதான் ஒங்களுக்குக் கெடைச்சுதா?"

இன்பராஜுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. காலையில் இருந்து ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் கிடந்த மனுசன். ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"சங்கையா, நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்டா. சூடு ஆறட்டும், கழட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கருவேல மரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சங்கையா பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். வைதிருந்தால்கூட அவள் பதிலுக்கு வைதிருப்பாள். பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

முத்துத்தாய்க்கு ஒரு மாதிரியாக ஆகிவிட்டது. முகம் கழுவுகிற சாக்கில் மறுபடியும் தண்ணிக்குள் இறங்கி மோட்டார் பக்கத்தில் நின்றாள். சனியன் பிடித்த மோட்டாரே, உனக்கு என்னதான் நோவு என்று மனசுக்குள் கேட்டாள். ஆடு மாடு என்றால் அவளுக்குத் தெரியும். வயிறு உப்பினால் ஒன்று, வாயில் நுரை தள்ளினால் ஒன்று. போன கோடையில் அவளுடைய கிடாய்க்கு நீர் கட்டிக்கொண்டபோது முதலில் மூத்திரம் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றது, அப்புறம்தான் உடம்பு கொதித்தது, அதற்கப்புறம்தான் கால் மடங்கிப் படுத்தது.

அந்த இடத்தில் அவளுக்கு ஒரு விசயம் உறைத்தது. எல்லாரும் காலையில் இருந்து மோட்டாரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் கீழே தண்ணிக்குள் நின்றாள். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்த வரிசை அதேதான். சத்தம் முதலில் குறையவில்லை. முதலில் அந்தப் பக்கத்து ஓட்டையில் வருகிற நூல் தண்ணி மெலிந்தது. அப்புறம் நின்றது. அது நின்றதற்கு அப்புறம்தான் சூடு, சூட்டுக்கு அப்புறம்தான் முனகல். வெளியே போகிற தண்ணி ஏன் நிற்கும்? உள்ளே வந்தால்தானே வெளியே போகும். உள்ளே எந்த வழியாக வருகிறது?

கையைத் தண்ணிக்குள் விட்டுத் தடவினாள். அவள் கட்டின சட்டை துணி மாதிரியே இல்லை. கண்மாய்க் களிமண்ணை உறிஞ்சி உறிஞ்சி, மெழுகிவிட்ட சுவர் மாதிரி கெட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. கிணற்றில் புட்வால்வு பெரிசு, சாக்கும் பெரிசு, எங்கேயாவது ஒரு பக்கம் தண்ணி ஊறி வந்துவிடும். இது சீப்புப் பல் கீறல். நின்று கிடக்கும்போது கொஞ்சம் கசிகிறது, அதை வைத்துப் பத்து நிமிசம் ஓடுகிறது. இழுக்க இழுக்க மண் அப்பி மூச்சு அடைக்கிறது. அதுக்கு மேலே இன்னொரு சுற்று வேறு!

'அடிப் பாவி முத்துத்தாயி, நீதானாடி?' என்று தன்னையே வைதுகொண்டாள்.

மெள்ளத் திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. முடிச்சைத் தண்ணிக்குள்ளேயே அவிழ்த்து, துணியை உருவி, சேற்றுக்குள் போட்டுக் காலால் மிதித்துவிட்டாள். நீங்கள் அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் அந்தப் பேச்சுப் பேசிவிட்டு, உங்களுக்கென்றால் எப்படி இருக்கும்? கரையேறி நேராகக் கருவேல மரத்தடிக்குப் போனாள்.

"அண்ணே, கடைசியா ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்களேன்."

"வேண்டாம் தங்கச்சி" என்றார் இன்பராஜ். குரலில் கோபம்கூட இல்லை. "நீ சொன்னது வாஸ்தவம்தான். இன்னொரு தடவை சூடேறுனா பிஸ்டன் பிடிச்சுரும். ஒனக்கும் நெல்லு இல்லை, எனக்கும் மோட்டார் இல்லைன்னு போயிரும். நோவு என்னன்னு தெரியாம இனிமே கயித்துல கை வைக்க மாட்டேன்."

"இந்தத் தடவை ஓடும்ண்ணே."

"எப்படி ஓடும்? என்னத்த மாத்திட்டோம் ஓடுறதுக்கு?"

சங்கையாவும் வந்து கெஞ்சினான். மனுசன் அசையவில்லை. காரணம் சொன்னால் இழுக்கிறேன், சொல்லாவிட்டால் பஸ்ஸுக்குப் போகிறேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முத்துத்தாய் சுற்றிலும் பார்த்தாள். கரையில் ஒச்சம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டு இந்தப் பக்கம்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சௌந்தரபாண்டியன் மடையை அடைக்கிற பலகை மேல் உட்கார்ந்திருந்தார். இன்னும் முப்பது நாப்பது பேர். இன்றைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு ரெட்டியபட்டி வரைக்கும் போய்விடும். தண்ணிக் குழாயடியில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் வயல் தெரிந்தது.

"நான்தாண்ணே" என்றாள்.

"என்ன?"

"நான் கட்டுன சட்டைதான்." ஆரம்பித்த பிறகு அவளுக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. "சேறு அப்பி, அது தண்ணி குடிக்கிற வாயை அடைச்சுப் போச்சு. குடிக்கவும் விடாம, போகவும் விடாம, காலையில இருந்து அதை நான்தான் கழுத்தைப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப அவுத்துச் சேத்துல போட்டு மிதிச்சுட்டுத்தான் வாரேன். ஒங்க மோட்டார்ல ஒரு கொறையும் இல்லை. கொறையெல்லாம் என் கையிலயும் என் வாயிலயும்தான். தப்பு என் பேர்லதாண்ணே. கேட்டுக்கோங்க எல்லாரும்!"

ஒச்சம்மாள் சிரித்தாள் பாருங்கள், வெற்றிலை எல்லாம் சிதறிப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. கரை பூராவும் சிரித்தது. முத்துத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

இன்பராஜ் சிரிக்கவில்லை. நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"கட்டு பிரமாதம்னு சொன்ன மடையன் நான்தானே தங்கச்சி! வெளிய தூக்கிப் போட்டு எட்டு எடம் சோதிச்சேன், அது ஒண்ணைத் தொடலையே. ஏலே சங்கையா, ஒரு முள்ளு ஒடிச்சுட்டு வா!"

மோட்டாரை வெளியே தூக்கி, கருவேல முள்ளால் கீறல்களில் அப்பிக் கிடந்த களிமண்ணை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார்கள். மோட்டாரை இறக்கி, மூன்றாம் இழுப்பில் கிளப்பினார் இன்பராஜ். பக்கத்து ஓட்டையில் தண்ணி பீறிட்டுக்கொண்டு வந்து சங்கையாவின் காதில் அடித்தது. அவன் துடைக்கக்கூட இல்லை. பத்து நிமிசம் ஆனது. பதினைந்து ஆனது. உறுமல் இறங்கவில்லை. இன்பராஜ் மூடியில் உள்ளங்கையை வைத்தார், எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். "தோசைக்கல்லுல இருந்து வெந்நிப் பானைக்கு எறங்கிருச்சு!"

சங்கையா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினான். முத்துத்தாய் இடுப்பளவு தண்ணிக்குள் நின்று, பாசியோ இலையோ அந்தக் கீறல் பக்கம் வராமல் ரெண்டு கையாலும் விலக்கிக்கொண்டே இருந்தாள். கை விறைத்துப் போனது. கால் சேற்றில் புதைந்தது. அவளுக்கு அது எதுவும் தெரியவில்லை. தண்ணி வாய்க்காலைத் தாண்டிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். வயலில் முதல் துண்டில் விழுந்துவிட்டது என்றார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தத் தடவை கண் வழியாகவே வந்தது.

ஆனால் பாதி நாளை அல்லவா தொலைத்திருந்தார்கள்! வயல் பாதி நனைவதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. முக்கால்வாசி நனைந்தபோது பனைகளின் நிழல் மடை வரைக்கும் நீண்டுவிட்டது. சௌந்தரபாண்டியன் எழுந்து, உட்கார்ந்திருந்த மடைப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மடை ஓரத்தில் நின்றார். முத்துத்தாய் அவரை ஏறிட்டுப் பார்க்கவே பயந்தாள். சூரியன் பனைகளுக்குப் பின்னால் போனது. சிவப்பாக ஒரு கீற்று மிச்சம் இருந்தது. அதுவும் போய்விட்டது.

வயலில் இருந்து சங்கையாவின் குரல் வந்தது. "இன்னும் கடேசித் துண்டு மட்டும்தான்! நிறுத்தச் சொல்லாதீக!"

கெஞ்சிக் கேட்கலாம் என்று முத்துத்தாய் வாயைத் திறந்தாள். அதற்குள் கரையில் இருந்த ஒச்சம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா? பொழுது எறங்கினா என்ன இப்ப?"

"பொழுதா? எங்க எறங்குச்சு?" என்றார் சௌந்தரபாண்டியன். மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் மனுசன். பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் மறுபடியும் உட்கார்ந்தார். "தப்பு என் பேர்லதான்னு முத்துத்தாய் வாயால சொல்லி, இன்னைக்கு இந்தக் காதால கேட்டுட்டேன். அதுவே நடந்திருச்சு. சூரியன் அரை மணி நேரம் லேட்டா எறங்குறதுல என்ன அதிசயம்? நீ ஓட்டுப்பா."

இன்பராஜ் டாங்கியில் மிச்சப் பெட்ரோலை ஊற்றினார். முத்துத்தாய் குனிந்து, மிதந்து வந்த ஒரு கருவேல இலையைக் கையால் தள்ளிவிட்டாள்.